நூலகத்துக்குப் பின்னால் நான் வெட்டிய நிலம்

கல்லூரித் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஆறு பேருக்கும் வணக்கம். உங்களில் இரண்டு பேர் பட்டம் வாங்கியவர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். நேரில் வந்து பேசுங்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆறு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதும்போது யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் மலாய்க்கார அம்மா. நாங்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

மண்வெட்டி பிடிப்பதையும் உரக்குழி புரட்டுவதையும் பெருமாள் அண்ணன் காட்டிக்கொடுப்பார். எனக்கு மூத்தவர், நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவர் இன்னும் பெறவில்லை, பெறவும் மாட்டார் போலிருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. பதினாறு வருட வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. அதை மற்றவர்கள் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் கல்லூரி என்ன கல்லூரி என்று வெளி ஆட்களுக்குச் சட்டென்று விளங்காது. எனக்கும் முதல் வருடம் விளங்கவில்லை. குளுவாங் டவுனிலிருந்து உள்ளே வரும் பாதையில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில், ஒரு கோழிப்பண்ணை அளவுக்கு ஒரு கல்லூரி. பிள்ளைகள் காலையில் கதைப் புத்தகம் படிப்பார்கள், பழைய வரலாறு படிப்பார்கள், ஆற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துவந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். மூன்றும் ஒரே படிப்புதான் என்பார் டாக்டர். மதியம் எல்லாரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு நம்மோடு மண்ணில் இறங்க வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. முதல் நாள் ஒரு பையன் மண்புழுவைப் பார்த்து அலறினான். இப்போது அவன் விவசாய அதிகாரி.

அந்தப் பிள்ளைகளில் ஷாமினி என்று ஒரு பெண் இருந்தாள். செனாய் என்ற ஊர்ப் பெண். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. அவள் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. என்னைப் பார்த்தால், "ஆன்ட்டி, இன்னிக்கு எத்தன வார்த்தை பேசுனீங்க? பத்து தாண்டிடுச்சா?" என்று கேட்பாள். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவளுக்கு அது போதும்.

கடைசி வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஓர் ஆய்வு செய்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குக் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் கூட்டாளிகளோடு பட்டம் வாங்க முடியாது, இன்னொரு வருடம் இருக்க வேண்டும். ஷாமினி எடுத்துக்கொண்டது நூலகத்துக்குப் பின்னால் இருந்த பழைய நாற்றங்கால். மனிதன் கை வைக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் அங்கே என்னென்ன தானாக முளைக்கிறது என்று பார்ப்பது. நான்கு மூலையிலும் நடுநடுவிலும் குச்சி நட்டு நீல ரிப்பன் கட்டியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, செடி மிதிபடக்கூடாது என்று உள்ளே கால் வைக்காமல், சுற்றி வந்து எட்டிப் பார்த்து எழுதினாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சேதி. நூலகப் பக்கம் என் பக்கம் இல்லை. நான் காய்கறிப் பாத்தி பார்த்தவள். அந்தப் பக்கத்து ஆள் வேலையை விட்டுப் போன பிறகு, அந்த மாதம்தான் அது என் கைக்கு வந்தது. வேலைக் கூட்டத்தில், தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு என்று எனக்குச் சொல்லவும் செய்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னார்கள், சுவரில் வரைபடத்தைக் காட்டி ஓர் இடத்தைத் தொட்டார்கள். எனக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. எது மேற்கு, எது வாய்க்கால் என்று விளங்கவில்லை. "ஓகே, மக்சிக்?" என்றார் டாக்டர். மக்சிக் என்றால் மலாயில் அத்தை. எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. நான் தலையாட்டிவிட்டேன். தொடக்கூடாத இடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் வருவது செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தது. வெளியிலிருந்து பெரிய மனிதர் வருகிறார் என்றால் எஸ்டேட்டில் வளர்ந்த எனக்கு உடம்பு சும்மா இருக்காது. தொரை வருகிறார் என்றால் முதல் நாளே மண் தெரியக் கூட்டி வைக்க வேண்டும். ஒரு லாலாங் புல் நீட்டிக்கொண்டிருந்தால் கங்காணி பேர் சொல்லிக் கத்துவார். அந்தப் பயம் கையில் தங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை நூலகத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இடுப்பளவு காடு. தொட்டாச்சிணுங்கி, லாலாங், செண்டுடுக் செடி, என்னென்னவோ கொடி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதையா வெளி ஆள் பார்ப்பது? நாளைக்குப் பிள்ளைகளுக்குத்தானே கெட்ட பெயர்?

அரிவாளைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன். நான்கு மணி நேரம். வேர் வரைக்கும் போகவில்லை, தரையோடு அரிந்தேன். நன்றாக வெட்டினேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே நன்றாக வெட்டினேன். குச்சிகளைப் பிடுங்கி, பழைய பயற்றங்கொடிக்கு நட்டது போலிருக்கிறது என்று நினைத்து, மண் போகக் கழுவி, ரிப்பனோடு கட்டாகக் கட்டிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெருமாள் அண்ணன் தள்ளுவண்டியோடு வந்தார். வெட்டிப்போட்டதில் ஒரு குவியலை ஏற்றி உரக்குழிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அடுத்ததுக்குத் திரும்பி வந்தார். அப்போதுதான் சுவரில் சாய்ந்திருந்த கட்டு அவர் கண்ணில் பட்டது.

"ஏம்மா, இந்தக் குச்சி ஏது?"

"இங்கதான் நட்டிருந்துச்சுண்ணே."

அவர் நிலத்தைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அலமாக்! இது அந்த செனாய்ப் பொண்ணு ஒரு வருசமா பாத்துக்கிட்டிருக்கிற எடமில்ல? நாளைக்கு அந்த ஆளு வர்றதே இதப் பாக்கத்தானே!"

என் கையில் அரிவாள் இருந்தது. அதைக் கீழே வைத்தேனா, அதுவாக விழுந்ததா என்று ஞாபகம் இல்லை. அண்ணன் நல்லவர். நான் அழுதுவிடுவேன் என்று பயந்துபோய், உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நீ ஒன்னும் பேசாதே. காட்டுப்பன்னி வந்துச்சுன்னு சொல்லிடுவோம். போன மாசம் மரவள்ளிய தோண்டிப் போட்டுச்சில்ல? அதே பன்னி."

"பன்னி குச்சியக் கழுவிக் கட்டி வைக்குமாண்ணே?"

அவர் யோசித்தார். "கட்ட அவுத்துடலாம்லா" என்றார்.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும்தான் மூச்சு வந்தது. புதியவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். தப்பு என்று தெரிந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது மன்னிப்புக் கேட்பது இல்லை, அழுவதும் இல்லை. இன்னும் கெடாமல் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான். "வண்டியத் தொடாதீங்க. ஈரச் சாக்கு கொண்டாங்க" என்றேன். வெட்டிய குவியல்கள் வெயிலில் வாட ஆரம்பித்திருந்தன. தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கால் மூடினோம்.

இரண்டாவது, யாரிடம் முதலில் போவது என்பது. அண்ணன் டாக்டரிடம் போ என்றார். பெரியவரிடம் சொல்லிவிட்டால் நமக்குப் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் போனது டாக்டருடைய வருடம் இல்லை. நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அதுவரைக்கும் நான் அங்கே உட்கார்ந்து ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. கருவிக் கொட்டகையில்தான் சாப்பிடுவேன். உள்ளே ஐம்பது பிள்ளைகள், காது அடைக்கிற இரைச்சல். ஷாமினி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குளுவாங் டவுனில் அச்சடித்து வாங்கி வந்த ஆய்வுப் புத்தகம் பக்கத்தில் இருந்தது, புது அட்டையோடு.

"ஆன்ட்டி! கேண்டினுக்கா வந்திருக்கீங்க? மழை வரப்போவுது!" என்றாள்.

"நூலகத்துக்குப் பின்னால வெட்டிட்டேன்மா. எல்லாத்தையும். நான்தான்" என்றேன்.

முதலில் சிரித்தாள். பிறகு என் முழங்கை வரை ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தாள். பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நிலத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தரையோடு அரிந்த ஒரு தண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. பிறகு, "ஒரு வருசம், ஆன்ட்டி" என்றாள். "மழையில, வெயில்ல, காய்ச்சலோட கூட வந்து நின்னேன். சொன்னாங்கல்ல கூட்டத்துல? நீங்க தலையாட்டுனீங்கல்ல?"

"ஆட்டினேன்மா. ஆனா அன்னிக்கு எனக்கு ஒன்னும் வெளங்கல."

"அப்ப வெளங்கலன்னு சொல்லியிருக்கலாமே!" கத்தியே விட்டாள். நூலகத்து ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. எஸ்டேட், தொரை, வெட்கம் எல்லாம் என் கதை. அவளுக்கு அப்போது அது எதற்கு? சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன்.

எஸ்டேட்டில் புல் வெட்டும்போது நெரை பிடித்து வெட்டுவோம். நெரை என்றால் வரிசை. ஒருவர் ஒரு நெரையில் இறங்கினால் அடுத்ததில் கை வைக்கமாட்டார், வெட்டியதை அந்த நெரைத் தலைமாட்டிலேயே குவிப்பார். யார் எவ்வளவு வெட்டினார்கள் என்று கங்காணி பார்க்க வேண்டுமே. நான் தனியாக வெட்டினாலும் கை அப்படித்தான் போகும். அன்றைக்கு எட்டு நெரை, எட்டுக் குவியல். வாய்க்கால் ஓரத்தில் முளைத்தது முதல் குவியலில், பாதை ஓரத்தில் முளைத்தது எட்டாவதில். ஒன்றோடொன்று கலக்கவில்லை.

ஷாமினி எழுந்து வந்தாள். முதல் சாக்கின் பக்கத்தில் குனிந்தாள். "இது இந்த வரிசையில இருந்ததுதானா? நிச்சயமா?"

"அது மட்டும் நிச்சயம்மா. ஆனா இது ரெண்டாவது. மொதல் குவியல அண்ணன் குழியில கொட்டிட்டாரு."

"குழியிலயா?"

பெருமாள் அண்ணன் வானத்தைப் பார்த்தார். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு உரக்குழியில் இறங்கினார். முட்டை ஓட்டுக்கும் பப்பாளித் தோலுக்கும் நடுவிலிருந்து அந்தக் குவியலைத் திரும்ப எடுத்தார். "பன்னிகூட இந்த வேல செய்யாது" என்று முனகினார். அப்போதுதான் ஷாமினி முகத்தில் முதல் சிரிப்பு வந்தது.

மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை மூன்று பேரும் அந்த எட்டுக் குவியலோடு உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு செடியாக எடுத்துப் பெயர் சொன்னேன். குப்பைமேனி, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி. அவள் புத்தகத்துப் பெயரைச் சொல்லி எழுதினாள். வாடிப்போன இலையில் அவளுக்குச் சந்தேகம் வந்தால் நான் கசக்கி மோந்து பார்த்துச் சொல்வேன். "ஆன்ட்டி, இன்னிக்கு எரநூறு வார்த்தை தாண்டிட்டீங்க" என்றாள். கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் குறும்பு திரும்பிவிட்டது.

ஐந்தாம் குவியலைப் பிரிக்கும்போது அவள் கை நின்றது. ஒரு மெல்லிய கொடி, நுனியில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் குடுவைகள். எறும்பு உள்ளே விழுந்து சாகும் செடி. மலாயில் அதைக் குரங்குப் பானை என்பார்கள்.

"இது எங்க இருந்துச்சு?"

"நடுவுல. லாலாங்குக்குக் கீழ சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். கை நிக்கல."

அவள் அந்தக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஒரு வருசம் வெளிய நின்னே பாத்தேன் ஆன்ட்டி. நடுவுல இது இருக்கிறதே எனக்குத் தெரியாது."

அழிக்கப் போனவள் கையில்தான் அது கிடைத்தது. அதற்காக அழித்தது நல்லது என்று ஆகிவிடாது. அவளும் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டாள், அடுத்த சாக்கைத் திறந்தோம்.

சாயங்காலம் டாக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாளைக்கு நடந்ததை நடந்தபடியே காட்டுங்கள். மக்சிக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை தேர்வாளர் வந்தார். சீனர், வயதானவர், காதை மூடுகிற தொப்பி. ஷாமினியின் அப்பாவும் வந்திருந்தார், சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு. அவரும் எங்களைப் போல எஸ்டேட்டில் வளர்ந்தவர் என்று பின்னால் தெரிந்தது. வெறும் நிலத்தை ஒரு பார்வை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லையே! எடத்த எவ்ளோ சுத்தமா வெச்சிருக்காங்க! யாரும்மா செஞ்சது?"

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்கப்பா" என்றாள் ஷாமினி பல்லைக் கடித்துக்கொண்டு. பெருமாள் அண்ணன் இருமுவது மாதிரி திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

ஷாமினி பேசினாள். ஆங்கிலத்தில்தான், ஆனால் இந்தத் தடவை எனக்கு விளங்கியது. எட்டுச் சாக்கையும் வரிசையாகக் காட்டினாள், குரங்குப் பானையைக் காட்டினாள், தான் உள்ளே போய்ப் பார்க்காதது தன் குறை என்றும் சொன்னாள். தேர்வாளர் என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார், ஏன் வெட்டினீர்கள் என்று.

நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். "செமாக்" என்றேன். புதராக, அசிங்கமாகக் கிடந்தது என்று அர்த்தம்.

"இப்போதும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது, எனக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தில் தெரியாததற்குத் தலையாட்டித்தான் ஒரு வருடத்தைக் கெடுத்திருந்தேன். மறுபடி ஒரு தடவை ஆட்ட மனம் வரவில்லை.

"ஆமாங்க. எனக்கு இப்பவும் செமாக்தான். ஆனா அது அவளோட செமாக். அவளக் கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. ஷாமினியும் சிரித்துவிட்டாள். அவள் அப்பா எதற்கென்று தெரியாமலேயே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

உடனே தேறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். காட்ட வேண்டிய நிலம் இல்லையே. மூன்று மாதம் தந்தார். வெட்டிய அதே எட்டு நெரையில் என்ன திரும்ப வருகிறது, என்ன வரவில்லை என்று பார்த்து, இரண்டு கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதுவும் உள்ளே இறங்கிப் பார்த்து. பட்டமளிப்பு நான்கு மாதத்தில். சரியாக முடித்தால் கூட்டாளிகளோடு மேடை ஏறலாம், இல்லையென்றால் இல்லை.

அந்த மூன்று மாதம் எனக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. தினமும் அரிவாளோடு அந்த இடத்தைத் தாண்டிப் போவதே போதுமானதாக இருந்தது. பத்தாம் நாள் லாலாங் ஊசி ஊசியாகத் தலை நீட்டியது. என் கை அரித்தது. ஷாமினி ஜன்னலிலிருந்து, "ஆன்ட்டி, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்று கத்துவாள். நான் அரிவாளைக் காட்டாமல் முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு நடப்பேன்.

நெரைக்கு நடுவில் எங்கே கால் வைத்தால் செடி மிதிபடாது என்று அவளுக்குக் காட்டினேன். அவள் எனக்கு வரைபடம் பார்க்கக் காட்டினாள். வாய்க்கால் நீலம், கட்டடம் சாம்பல். அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்கவா நான் இத்தனை வருடம் பயந்தேன்?

தேர்வாளர் மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போன அன்றைக்குக் கருவிக் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தேன். ஷாமினி ஓடிவந்து மண்வெட்டிகளுக்கு நடுவில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பாஸ், ஆன்ட்டி! பாஸ்!"

கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தேடினேன். வாயில் வந்தது வேறு.

"அப்ப, இனிமே வெட்டலாமா?"

கொட்டகை அதிரச் சிரித்தாள். "வெட்டுவோம், வாங்க! நானும் வர்றேன்!"

இருவரும் ஆளுக்கோர் அரிவாளோடு போனோம். அவள் வெட்டுவதைப் பார்க்கச் சகிக்காது, தலை வாருகிற மாதிரி வெட்டினாள். பாட்டு வேறு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காம் நெரை முடிந்ததும் நான் நிமிர்ந்து நின்றேன்.

"என்ன ஆன்ட்டி?"

"முதுகு வலிக்குதும்மா. மிச்சத்த இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் குரங்குப் பானை இருந்த ஐந்தாம் நெரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

நூலகத்துக்குப் பின்னால் பாதி நிலம் மொட்டையாகவும் பாதி நிலம் காடாகவும் கிடப்பதைப் பார்த்து, தோட்ட ஆட்கள் சோம்பேறிகள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். காரணம் இதுதான். மொட்டைப் பாதியை மாதம் ஒரு தடவை அரியுங்கள். மறு பாதியில் யாராவது வெட்டச் சொன்னால், எந்தப் பக்கம், எது வரைக்கும், யாருடையது என்று கேளுங்கள். பதில் விளங்காவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள். அப்புறமும் வெட்டத்தான் வேண்டும் என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து பார்க்கிறேன். முதுகெல்லாம் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.